கம்போடியா போய் வந்ததிலிருந்து மனசு சரியில்லை

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 27 வயது. கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு விமானம் ஏறி, கம்போடியாவின் சியெம் ரீப் நகரத்துக்குப் போய், ஞாயிறு இரவு திரும்பினோம். அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. பார்த்தும்விட்டேன். ஆனால் இப்போது கண்ணை மூடினால் கோயில் வருவதில்லை.

முதல் நாள் இரவு பப் ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னப் பெண், பத்து வயதுகூட இருக்காது, இடுப்பில் கைக்குழந்தையோடு என் பின்னாலேயே வந்தாள். காசு வேண்டாம், தம்பிக்குப் பால் பவுடர் மட்டும் வாங்கித் தாருங்கள் என்றாள். கடையையும் அவளே காட்டினாள். பெரிய டின், 25 டாலர். வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதே டின்னை அவள் கடையில் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்ததாக என் நண்பன் சொல்லிச் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மாலை டுக்-டுக் டிரைவர் எங்களை ஓர் அனாதை இல்லத்துக்கு அழைத்துப் போனார். குழந்தைகள் நடனம் ஆடினார்கள். ஆறு வயதுப் பெண் ஒருத்தி என் மடியில் ஏறி உட்கார்ந்தவள், கிளம்பும் வரை இறங்கவே இல்லை. திரும்பி வருவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். மாதம் 30 டாலர் அனுப்பினால் அவளைப் படிக்க வைக்கலாம் என்று நிர்வாகி கார்டு கொடுத்தார். வெளியே வந்ததும், அந்த இல்லத்துக்குக் கூட்டிப் போனதற்காக டிரைவர் மூன்று டாலர் கூடக் கேட்டார். அதற்கு நண்பர்கள் அவரோடு வாதாடினார்கள். அப்புறம் பீர் குடிக்கப் போகலாம் என்றார்கள். நான் நடுத்தெருவில் "உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா" என்று கத்திவிட்டேன். தோழி ஒருத்தி அந்தக் குழந்தையோடு எடுத்த செல்ஃபியை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறாள். வாட்ஸ்அப் குழுவில் இப்போது யாரும் பேசுவதில்லை.

வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு காபி வாங்கினால்கூடக் குற்ற உணர்ச்சி. அந்த இல்லத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்பலாமா? லீவ் போட்டு ஒரு மாதம் அங்கே தொண்டு செய்யலாமா? ஏழை நாட்டுக்குச் சுற்றுலா போவதே தவறா? டிசம்பரில் மறுபடி போகலாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். நான் என்ன செய்ய?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளில் இரண்டு அவசரமானவை. அவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த இல்லத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம். லீவ் போட்டு அங்கே தொண்டு செய்யவும் போக வேண்டாம். குழந்தைகள் பாதுகாப்பில் ஆண்டுக்கணக்காக வேலை செய்துவரும் சமூகப் பணியாளராக இதைச் சொல்கிறேன். உங்கள் நல்ல மனசில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்த மனசை நம்பித்தான் இந்த மாதிரி இடங்கள் நடக்கின்றன என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கம்போடியாவில் போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி 1975-லிருந்து 1979 வரை நடந்தது. மக்கள்தொகையில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் அந்தக் காலத்தில் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் 1990-கள் வரை சண்டை ஓயவில்லை. அனாதைக் குழந்தைகள் நிறைய இருந்த நாடுதான் அது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்சிக் காலத்துக் குழந்தைகள் இன்று ஐம்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். நாட்டில் அமைதி திரும்பி, வறுமை குறைந்துகொண்டு வந்த காலத்தில், 2005-க்கும் 2010-க்கும் நடுவே, குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. கம்போடிய அரசின் சமூக நலத்துறையும் யுனிசெஃபும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு சொல்லும் கணக்கு இது. அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

அனாதைகள் குறைகிறார்கள், அனாதை இல்லங்கள் கூடுகின்றன. இது எப்படி? அதே ஆண்டுகளில் வேகமாகக் கூடியது வெளிநாட்டுப் பயணிகளின் வருகை. சியெம் ரீப் மாதிரி ஊர்களில் மாலையில் என்ன செய்யலாம் என்று யோசிக்கும் பயணிகள் இருந்தார்கள். அவர்கள் வந்து பார்க்க, நெகிழ்ந்துபோக, நன்கொடை கொடுக்க ஓர் இடம் தேவைப்பட்டது. கிராமத்தில் கடனில் இருக்கும் ஒரு தாயிடம், உன் பெண்ணுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் ஆங்கிலப் படிப்பும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அவள் அனுப்பிவிடுகிறாள். பிள்ளை மேல் பாசம் இல்லாமல் இல்லை, பாசம் இருப்பதால்தான் அனுப்புகிறாள். அந்தப் பெண் மாலையில் விருந்தாளிகளுக்கு முன்னால் நடனம் ஆடும்.

நீங்கள் போன இல்லம் இப்படிப்பட்டதுதான் என்று நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்களே எனக்குக் கவலை தருகின்றன. முன்பின் தெரியாத ஐந்து பேர் முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே போக முடிந்தது. யாரும் உங்கள் அடையாள அட்டையைக் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது, படம் எடுக்க முடிந்தது. கிளம்பும்போது பணம் பேசப்பட்டது. ஐந்து நல்லவர்களுக்கு இப்படித் திறக்கும் கதவு, கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்கும் இதே மாதிரித்தான் திறக்கும். உங்கள் உறவினர் குழந்தை தங்கியிருக்கும் விடுதிக்குள் தெருவில் போகிறவர்கள் இப்படி நுழைந்தால் சும்மா இருப்பீர்களா?

அந்த ஆறு வயதுக் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வலிக்கும், தெரிந்தேதான் சொல்கிறேன். வீட்டில் நிலையான அன்போடு வளரும் ஆறு வயதுக் குழந்தை, புதியவர் ஒருவரைப் பார்த்ததும் முதலில் தன் அம்மா முகத்தைத்தான் பார்க்கும். கொஞ்சம் ஒதுங்கும், வெட்கப்படும், பிறகு மெல்ல நெருங்கும். ஐந்து நிமிடத்தில் யார் மடியிலும் ஏறிவிடுகிற குழந்தை, பிரிவுக்குப் பழகிப்போன குழந்தையாக இருக்க வாய்ப்பு அதிகம். ருமேனியாவில் 1989-க்குப் பிறகு வெளியே தெரியவந்த பெரிய குழந்தைகள் இல்லங்களில் ஆய்வாளர்கள் இதை விரிவாகக் கவனித்திருக்கிறார்கள். பராமரிப்பவர் மாறிக்கொண்டே இருந்தால், யாரிடம் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் குழந்தைக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து சின்ன வயதிலேயே ஒரு குடும்பத்துக்கு மாற்றப்பட்ட குழந்தைகள் எவ்வளவோ தேறினார்கள். ஆகவே நீங்கள் ஒரு மாதம் போய், அவளோடு தினமும் விளையாடி, சோறு ஊட்டி, தலை பின்னிவிட்டு, பிறகு விமானம் ஏறினால், அவள் பழகிய பிரிவுகளோடு இன்னொன்று சேரும். உங்களுக்கு அது வாழ்க்கையின் மறக்க முடியாத மாதமாக இருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதத்தில் உங்களுக்குக் கிடைப்பதும் அவளுக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல.

இது என் தனிப்பட்ட கருத்து மட்டும் என்று நினைக்க வேண்டாம். கம்போடிய அரசே 2015-ல் இல்லங்களை ஒழுங்குபடுத்த ஆணை கொண்டுவந்து, குழந்தைகளைக் குடும்பங்களோடு மறுபடி சேர்க்கும் வேலையைத் தொடங்கியது. ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் இயற்றியபோது, பணத்துக்காகக் குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் அனாதை இல்லச் சுற்றுலாவால் குழந்தைகளுக்கு வரும் கேட்டைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

"திரும்பி வருவேன்" என்று சொன்னது உங்களை உறுத்துகிறது. புரிகிறது. அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக அவளைத் தேடிப் போகாதீர்கள். பரிசு அனுப்பவும் வேண்டாம். அவளுக்காக உங்களால் செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது. ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு கம்போடியாவில் பல ஆண்டுகளாகத் தெருக் குழந்தைகளுக்காக வேலை செய்கிறது. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் அல்ல என்று அங்கே பிரசாரத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். அவர்கள் நடத்தும் சைல்ட்சேஃப் என்ற ஏற்பாட்டுக்கு எழுதுங்கள். எந்த இல்லம், எந்த நாள், யார் அழைத்துப் போனார்கள், என்ன பார்த்தீர்கள், யார் பணம் கேட்டார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். குற்றம் சாட்டத் தேவையில்லை. விசாரிப்பது உள்ளூர்க்காரர்கள் வேலை. அவர்களுக்கு மொழி தெரியும், சட்டம் தெரியும், அவளுடைய கிராமத்துக்குப் போய் அம்மாவைத் தேடவும் வழி தெரியும்.

சரி, பால் டின் விஷயம்.

உங்கள் நண்பன் பார்த்தது உண்மையாகத்தான் இருக்கும். சியெம் ரீப்பில் இது பல வருடங்களாக நடப்பது. காசு வேண்டாம் என்று சொல்வதே கேட்பவரின் சந்தேகத்தைப் போக்கத்தான். டின் கடைக்குத் திரும்பும், பணத்தில் ஒரு பங்கு கடைக்காரருக்கு, ஒரு பங்கு அந்தப் பெண்ணுக்கோ அவளை அனுப்பிய பெரியவருக்கோ. இடுப்பில் இருந்த குழந்தை அவளுடைய தம்பியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ஆனால் ஒன்று. ஏமாற்றினாள் என்பதால் அவள் ஏழை இல்லை என்று ஆகிவிடாது. ராத்திரி நேரத்தில், குடித்துவிட்டுப் போகிறவர்கள் நடுவே, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறுமி நிற்கிறாள். அவள் வாயில் வரும் கதை பொய்யாக இருந்தாலும் அவள் நிற்கிற நிலைமை பொய்யில்லை. உங்கள் நண்பன் சிரித்தது தன் தோழி ஏமாந்ததை நினைத்து. நீங்கள் அழுதது அவளை நினைத்தா, நீங்கள் ஏமாந்ததை நினைத்தா என்று உங்களுக்கே குழப்பமாக இருக்கலாம். இரண்டும் கலந்திருப்பது இயற்கைதான். அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனிமேல் இப்படி ஒரு குழந்தை கேட்டால் கொடுக்காதீர்கள். கோயில் வாசலில் அஞ்சலட்டையும் வளையலும் விற்கும் குழந்தைகளிடமும் வாங்காதீர்கள். அங்கோரை நிர்வகிக்கும் அப்சரா ஆணையம் 2015-ல் வெளியிட்ட நடத்தை விதிகளிலேயே இது இருக்கிறது: குழந்தைகளிடம் பொருள் வாங்குவதும், மிட்டாயோ காசோ கொடுப்பதும் அவர்களைப் பள்ளியிலிருந்து பிச்சைக்கு இழுத்துவிடும் என்று. குழந்தை கையில் பெரியவர் கையைவிட அதிகம் சம்பாத்தியம் இருக்கிறவரை, குழந்தையைத்தான் தெருவுக்கு அனுப்புவார்கள். கொடுக்க மனம் இருந்தால் பெரியவர்களிடம் வாங்குங்கள். அங்கே சில கோயில்களின் பாதையோரம் கண்ணிவெடியில் கை கால் இழந்தவர்கள் குழுவாக உட்கார்ந்து இசை வாசிப்பார்கள், கவனித்திருப்பீர்கள். ஒரு பாட்டு கேட்டுவிட்டு அவர்களுக்குக் கொடுங்கள், நிம்மதியாகக் கொடுக்கலாம்.

கொடுக்காமல் போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பார்க்காதது மாதிரி நடிக்க வேண்டாம். முகத்தைப் பார்த்து, புன்னகைத்து, இல்லை என்று தலையசையுங்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, யாரோ அடிக்கிறார்கள் என்று தோன்றினால் தங்கியிருக்கும் விடுதியில் சொல்லுங்கள். சைல்ட்சேஃப் அமைப்பு டுக்-டுக் ஓட்டுநர்கள், விடுதி ஊழியர்கள் பலருக்கு இதற்காகவே பயிற்சி கொடுத்திருக்கிறது.

பகலில் விற்கிற குழந்தையைப் பார்த்து, இது பள்ளிக்கூடமே போகாத குழந்தை என்றும் முடிவுகட்ட வேண்டாம். கம்போடியாவில் பல அரசுப் பள்ளிகள் காலை ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு என்று நடக்கின்றன. காலையில் கோயில் வாசலில் பார்த்த பெண் மதியம் வகுப்பில் இருக்கலாம். இரண்டு நாளில் நாம் பார்ப்பது அவ்வளவுதான், மீதியை நம் மனசு எழுதிக்கொள்கிறது.

நீங்கள் பார்க்காததையும் கொஞ்சம் சொல்கிறேன். 2009-ல் கம்போடியாவில் மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார். 2019-20 கணக்கெடுப்பில் அது சுமார் 18 சதவீதமாகக் குறைந்திருந்தது. பத்து ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி. இது வெளியே இருந்து வந்தவர்களின் இரக்கத்தால் மட்டும் நடந்ததல்ல. தையல் தொழிற்சாலைகளில் உழைத்த பெண்கள், வயலை விட்டுக் கட்டட வேலைக்குப் போனவர்கள், தாய்லாந்துக்குப் போய்க் காசு அனுப்பியவர்கள், உங்கள் மாதிரிப் பயணிகளுக்கு அறை சுத்தம் செய்தவர்கள், இவர்களுடைய வியர்வை அதில் இருக்கிறது. அந்த அரசு தன் ஏழைக் குடும்பங்களைக் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்து அட்டை கொடுக்கிறது. ஐ.டி.புவர் என்பது அதன் பெயர். அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை உண்டு. கொரோனா காலத்தில், 2020 ஜூனிலிருந்து, அந்த அட்டையை வைத்துத்தான் பணஉதவி போய்ச் சேர்ந்தது.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. நிலப் பட்டாவை அடமானம் வைத்து நுண்கடன் வாங்கிய குடும்பங்கள் அங்கே ஏராளம். தவணை கட்ட முடியாமல் நிலத்தை விற்றதையும், பிள்ளைகளைப் படிப்பிலிருந்து நிறுத்தியதையும், ஊரை விட்டுப் போனதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. பப் ஸ்ட்ரீட்டில் நின்ற சிறுமிக்குப் பின்னால் இப்படி ஒரு கடன் இருந்தாலும் இருக்கலாம். பால் டின் அங்கே போய்ச் சேராது. உங்கள் அலமாரியைத் திறந்து சட்டைகளின் லேபிளைப் பாருங்கள், மேட் இன் கம்போடியா என்று ஒன்றாவது இருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தொழிலாளிக்கு 2025-ல் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 208 டாலர். அந்த நாட்டு ஏழைகளோடு உங்களுக்கு இருக்கும் உறவு அந்த வெள்ளிக்கிழமை இரவு தொடங்கியது இல்லை. அது முன்பே இருந்தது, இப்போதுதான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. இதை உங்கள் குற்ற உணர்ச்சியைக் கூட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு குழந்தையின் மேல் மட்டும் பாரத்தை எல்லாம் இறக்கி வைத்தால், அந்தக் குழந்தைக்கு மாதம் 30 டாலர் அனுப்பியதும் கணக்கு தீர்ந்துபோன மாதிரி இருக்கும். அப்படித் தீரக்கூடிய கணக்கு இல்லை இது.

உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது ஒன்று கவனித்தேன். பணம் அனுப்பலாமா, தொண்டுக்குப் போகலாமா, சுற்றுலாவே தவறா என்று நீங்கள் கேட்ட எல்லாமே, இந்த உறுத்தலை எப்படி நிறுத்துவது என்ற இடத்திலிருந்து வருகின்றன. உறுத்தலை நிறுத்துவது ஒரு தேவை, தவறே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு உதவுவது இன்னொரு தேவை. இரண்டையும் ஒரே செயலால் முடிக்கப் பார்க்கும்போதுதான் பால் டின் வாங்குகிறோம். தனித்தனியாகப் பாருங்கள்.

உதவி முதலில். மாதம் 30 டாலர் கொடுக்க முடியும் என்றால் நல்ல விஷயம், அதைக் கைவிடாதீர்கள். குழந்தைகளைக் குடும்பத்திலேயே வைத்துக் காப்பாற்றும் அமைப்புக்கு அதைத் திருப்புங்கள். பள்ளிச் சீருடைக்கும் சைக்கிளுக்கும் வழி செய்கிறவர்கள், தாய்க்கு ஒரு தொழில் கற்றுக்கொடுக்கிறவர்கள், இல்லத்தில் இருக்கும் குழந்தையின் வீட்டைத் தேடிச் சேர்த்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள்: குழந்தைகள் எங்கே தங்குகிறார்கள், பெற்றோரோடு தொடர்பு உண்டா, பார்வையாளர்களை உள்ளே விடுகிறீர்களா? பார்வையாளர்களை விடுவதில்லை என்று ஒரு குழந்தைகள் அமைப்பு சொன்னால், உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அவர்களை நம்புவதற்கு அது ஒரு நல்ல காரணம். சின்னத் தொகையாக இருந்தாலும் வருடக்கணக்கில் கொடுங்கள். உங்கள் பெயர் சொல்லிக் கடிதம் எழுதும் குழந்தை வேண்டும் என்று கேட்காதீர்கள்.

இன்னொரு விஷயம் சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நீங்கள் அங்கே ஓர் உதவி செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அங்கோர் நுழைவுச்சீட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது. அங்கே சிகிச்சை இலவசம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் பியாட் ரிக்னர் 1992-ல் அதை மறுபடி கட்டியெழுப்பினார். அவர் செல்லோவும் வாசிப்பார். சியெம் ரீப் மருத்துவமனையில் சனிக்கிழமை மாலைகளில் பயணிகளுக்கு வாசித்துக் காட்டி, வயதானவர்களிடம் பணமும் இளைஞர்களிடம் ரத்தமும் கேட்பார். 2018-ல் காலமானார். அவர் நோயாளிக் குழந்தைகளை மேடை ஏற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். மேடையில் உட்கார்ந்து வாசித்தது அவர். பயணிகளால் செய்யக்கூடிய உதவி எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து உங்கள் உறுத்தல். மூன்று வாரம் என்பது பெரிய காலம் இல்லை. முதல் தடவை நெருங்கிப் பார்த்த வறுமை இப்படித்தான் உலுக்கும். காபி குடிக்காமல் இருப்பதால் சியெம் ரீப்பில் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது, ஆகவே காபி குடியுங்கள் அம்மா. உங்களைத் தண்டித்துக்கொள்வது உதவி மாதிரி ஒரு பிரமையைத் தரும். அந்தப் பிரமையில் மாதங்கள் ஓடிவிடும். பார்த்ததை எழுதி வையுங்கள். கோயிலையும் சேர்த்து எழுதுங்கள், அந்த அழகையும் நீங்கள் பார்த்தீர்கள்தானே. சாப்பாடு, தூக்கம், வேலை இவை இன்னும் சில வாரங்களுக்குப் பிறகும் சரியாகாமல் இருந்தால் நேரில் ஓர் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். பழைய துக்கம் எதையாவது இந்தப் பயணம் கிளறிவிட்டிருக்கலாம், கடிதத்தில் அது தெரியாது.

நண்பர்கள் விஷயத்தில் நான் பாதி உங்கள் பக்கம். கூடுதலாக ஓர் இடத்துக்கு ஓட்டிப் போனவர் மூன்று டாலர் கேட்டால் கொடுத்திருக்க வேண்டும். பேரம் என்பது வண்டியில் ஏறும் முன் பேசுவது. அந்த டிரைவர் இல்லத்திலிருந்து கமிஷன் வாங்கியிருக்கலாம், அது வேறு விஷயம். செல்ஃபியையும் நீக்கத்தான் வேண்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு குழந்தையின் முகம் இணையத்தில் இருக்கக் கூடாது. ஆனால் பீர் குடிக்கப் போகலாம் என்றவர்களுக்கு மனசு இல்லை என்பது நியாயமில்லை. கஷ்டமான ஒன்றைப் பார்த்ததும் ஒருவர் அழுவார், ஒருவர் சிரித்து மழுப்புவார், ஒருவர் பேச்சை மாற்றுவார். அந்த மாலை அவர்களுக்கும் நெஞ்சில் ஏதாவது இருந்திருக்கும். நீங்கள் கத்தியதால் அதைச் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிருக்கலாம்.

குழுவில் நீளமாக எதுவும் எழுதாதீர்கள். செல்ஃபி போட்ட தோழிக்கு முதலில் தனியாகப் போன் செய்யுங்கள். தெருவில் கத்தியதற்கு வருத்தம் சொல்லுங்கள், நிபந்தனை இல்லாமல். அந்த இல்லத்தைப் பற்றி இப்போது தெரிந்துகொண்டதைச் சொல்லி, படத்தை எடுத்துவிடும்படி கேளுங்கள். நீ தப்பு செய்தாய் என்று ஆரம்பிக்காமல், நாம் எல்லோரும்தானே அங்கே போனோம் என்று ஆரம்பியுங்கள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டது நீங்கள்தான் என்பதால் அப்படிப் பேசுவது உங்களுக்கு எளிது. அவள் மறுத்தால் இன்னொரு முறை கேளுங்கள். அந்தக் கேள்வியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏழை நாட்டுக்குச் சுற்றுலா போவது தவறா என்று கேட்டீர்கள். தவறில்லை. 2019-ல் கம்போடியாவுக்கு 66 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். கொரோனாவில் 2021-ல் அது இரண்டு லட்சத்துக்கும் கீழே போனது. ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் சமையல்காரர்களும் பட்ட பாட்டை நினைத்தால், வராமல் இருப்பது இரக்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டிசம்பரில் போங்கள், நண்பர்களோடேயே போங்கள். முடிந்தால் வார இறுதியோடு இன்னும் இரண்டு மூன்று நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் போகிறவர்கள் டிரைவர் காட்டும் இடத்துக்குத்தான் போவார்கள்.

மாலையில் கலை நிகழ்ச்சி பார்க்க ஆசை இருந்தால் சியெம் ரீப்பிலேயே ஃபார் சர்க்கஸ் இருக்கிறது. அகதி முகாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் 1994-ல் பட்டம்பாங் நகரில் தொடங்கிய கலைப்பள்ளியில் பயின்றவர்கள் நடத்துவது. மேடையில் இருப்பவர்கள் சம்பளம் வாங்கும் கலைஞர்கள். தெருவில் வளர்ந்த இளைஞர்களுக்குச் சமையலும் பரிமாறலும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி உணவகங்களும் அந்த ஊரில் உண்டு. ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனலும் ஒன்று நடத்துகிறது. அங்கே ஒரு நாள் ஐந்து பேரும் சாப்பிடுங்கள். தோன்லே சாப் ஏரியில் படகுப் பயணம் போனால், மிதக்கும் பள்ளிக்கு அரிசி மூட்டை வாங்கித் தாருங்கள் என்று கேட்பார்கள். பால் டின் மாதிரியே அதுவும் கடைக்குத் திரும்பக்கூடியது. அங்கேயும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உடல்நிலை சரியாக இருந்து, விதிகளும் அனுமதித்தால், காந்தா போபாவில் ரத்தம் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதை டிக்கெட் போடும் முன்பே விசாரித்து வைத்துக்கொண்டால் அதற்கு ஒரு காலை நேரத்தை ஒதுக்கலாம்.